கறுப்பு டப்பா

வேண்டாம் சார், மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலில் இடித்தால் சொல்லுங்கள், நான் நடைபாதைப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். பை மட்டும் கையை விட்டுப் போகாது. திண்டுக்கல்லில் ரயில் ஏறியதிலிருந்து இப்படித்தான். காபிகூட ஒரு கையால்தான் குடித்தேன், பார்த்திருப்பீர்கள்.

பார்த்தீர்கள். எனக்குத் தெரியும். திருச்சி தாண்டியதிலிருந்து உங்கள் கண் இந்தப் பைமேல்தான். தப்பாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் பார்ப்பேன். வளர்ந்த மனுஷன் ஒருத்தன் துணிப்பையைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உள்ளே என்னவோ என்று யாருக்கும் தோன்றும். நகை இல்லை சார். நகையாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன். நகை போனால் இன்ன நகை போயிற்று என்று போலீஸில் சொல்லலாம். இதில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என்ன இருக்கிறது என்று தெரியாத பொருள் தொலைந்தால், என்ன தொலைந்தது என்று போய்ச் சொல்வது?

ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அது. பழைய காலத்தது, அரைச் செங்கல் கனம் இருக்கும். என் மனைவி வைத்திருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் இப்போது மெட்ராசில், அங்கே வேலை பார்க்கிற மகளோடு இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், இல்லை உண்மையையாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் உட்கார முடியும்.

கோயில் என்றால் மாதா கோயில். நாங்கள் வேதக்காரர்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது இருப்பது யாருக்காவது தெரிந்தால் பங்குத் தந்தையிடம் வந்து சொல்லுங்கள் என்று பூசையில் சத்தமாக வாசிப்பார்கள். முதல் ஓலையன்று நான் மட்டும் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் 'தடை' என்று வாசித்தபோது சபை மொத்தமும் என் முதுகைப் பார்த்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், தொழில் அப்படி. பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா, "பிலோமினா எங்க, காணம்?" என்று கேட்டாள். மெட்ராசில் துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்றேன். "துணி எடுத்தாச்சுன்னு அவளே சொன்னாளே" என்றாள். பாருங்கள், பூசைக்கு வந்த இடத்தில் குறுக்கு விசாரணை.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. மூன்றாவது ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வத்தலக்குண்டிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இது தீர வேண்டும்.

என் பேர் அமல்ராஜ். போன வருஷம் வரைக்கும் மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனியை மூடினார்கள், வந்துவிட்டேன். ஸ்டோர் கீப்பர் என்றால் சாமானைக் காக்கிற வேலை என்று நினைப்பார்கள். சாமான் தானாக எங்கேயும் எழுந்து போவதில்லை சார். மனுஷனைப் பார்ப்பதுதான் வேலை. கேட்டில் ஒருத்தன் தேவைக்கு மேல் சிரித்தால் அவன் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்வேன். முக்கால்வாசி நாள் உள்ளே சோறுதான் இருக்கும். இருக்கட்டும். மீதி நாளுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

அதில் ஒரு முறை உண்டு. சீல் உடைந்த பெட்டி ஒன்று கிடைத்தால், சந்தேகப்படுகிறவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் அவன் பதில் தயார் பண்ணிக்கொள்வான். பெட்டியை அவன் எதிரே மேஜைமேல் வைத்துவிட்டு நாம் பேசாமல் இருக்க வேண்டும். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவனே ஆரம்பிப்பான். இன்றைக்கு அதைத்தான் செய்யப் போகிறேன். போய் உட்கார்ந்து, இதைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைப்பேன். திறந்துகூடக் காட்ட வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

இருங்கள், அந்த வடைக்காரர் போகட்டும். இரண்டாவது தடவை இந்தப் பக்கம் வருகிறார்.

எப்படி ஆரம்பித்தது என்றால், வீடியோக்காரரால். கல்யாணத்து வரவேற்பில் இப்போது பெரிய திரை வைக்கிறார்கள் இல்லையா, பெண் பிறந்ததிலிருந்து வளர்ந்தது வரைக்கும் படமாக ஓட்டுகிறார்கள். மெர்லினுடைய சின்ன வயசுப் படம் வேண்டும் என்றார். மெர்லின்தான் என் மகள், ஒரே மகள். ஆல்பத்தைப் புரட்டினேன். ஞானஸ்நானம் இருக்கிறது, முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. நடக்கப் பழகியது, பல் விழுந்தது, பள்ளிக்கூடம் போனது, எதுவும் இல்லை. நான் லீவில் வந்தபோது எடுத்த நாலைந்து இருக்கிறது, அதில் பிள்ளை என்னைப் பார்த்து மிரண்டுபோய் நிற்கிறது.

மனைவியிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருக்குங்க. அது இப்ப எந்திரிக்காது. விடுங்க."

இந்த 'விடுங்க'வைக் கவனியுங்கள் சார். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இருக்கிறது, ஆனால் விடுங்க. ஸ்டோரில் இந்த வார்த்தையைக் கேட்டால் நான் அந்த ரேக்கைத்தான் முதலில் இறக்குவேன்.

விட மாட்டேன் என்றேன். அப்போது ஒன்று சொன்னாள் பாருங்கள், இன்றைக்கும் எனக்கு அதன் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "நீங்கதான் எல்லாத்தையும் பாத்துட்டீங்களே. அப்புறம் எதுக்கு?" என்றாள். தலை நிமிராமல் சொன்னாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றாள்.

நான் என்ன பார்த்தேன்? நான் பார்த்துவிட்டதாக அவள் எதை நினைக்கிறாள்? பார்க்கக் கூடாத எதையோ நான் பார்த்துவிட்டேன் என்று பயந்துதானே ஒருத்தி அப்படிக் கேட்பாள்?

பரணில் ஏறினேன். கம்ப்யூட்டர் பெட்டி ஒரு பழைய போர்வைக்குள் இருந்தது. கயிறு போட்டு முடிச்சுமேல் முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே அந்துருண்டை. சார், செத்துப்போன கம்ப்யூட்டருக்கு யாராவது அந்துருண்டை போடுவார்களா? பட்டுப்புடவைக்குப் போடுவது அது. பக்கத்தில் என் பழைய பெட்டி படுக்கை எல்லாம் கிடந்தது, பாச்சை அரித்து. அதற்கு ஒரு உருண்டை இல்லை. எந்திரிக்காது, விடுங்க என்று சொன்ன சாமானுக்கு இத்தனை பாதுகாப்பு. நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியை இறக்கியதும் வந்து நின்றவன் பாஸ்கல். மனைவியின் தம்பி. யார் சொல்லி வந்தானோ. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி மாட்டிக் கொடுத்ததே அவன்தான், நான் மஸ்கட்டிலிருந்து சொல்லி. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான், எதைப் பார்த்தாலும் கழற்றுவான். நான் ஊரில் இல்லாத வருஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அக்காவுக்குத் துணை என்பார்கள். துணை நல்லதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து இதை உருவி எடுத்தான். பின்பக்கத்தைக் காட்டினான். சீப்பு மாதிரி இரண்டு வரிசையில் ஊசி ஊசியாக இருந்தது. "மச்சான், இது அந்தக் காலத்து வாய். இப்ப வர்ற லேப்டாப்ல இது போய் மாட்டவே மாட்டாது. நடுவுல ஒரு அடாப்டர் வேணும்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "நான் இத்தன வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த மாதிரி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நடுவில் வருகிற எதையும் நான் நம்பியதில்லை. சப்ளையர் அனுப்புவான், ஸ்டோரில் நான் எடுத்துக்கொள்வேன், நடுவில் ஒரு டிரைவர் வருவான், சரக்கு குறையும். இரண்டு பேருக்கு நடுவில் எது நின்றாலும் அது தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். அயல்நாட்டில் இருந்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் குடும்ப வாழ்க்கையே நடுவில் எதையாவது வைத்துத்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை போன். லைனில் ஒரு இரைச்சல் இருக்கும், நான் பேசியது அவளுக்குப் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும், அதற்குள் அவள் வேறு பேச ஆரம்பித்திருப்பாள். அப்புறம், ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் பார்சல்.

ரிச்சர்டு என்று ஒருத்தன். எங்கள் ஊர்தான், அதே கம்பெனியில் கம்பி கட்டுகிற வேலை. லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்சல் வாங்கி வருவான். அவன் இல்லாவிட்டால் வேறு யாராவது. நார்த்தங்காய் ஊறுகாய், அதிரசம், அதோடு ஒரு சிடி. தவறாமல் ஒரு சிடி இருக்கும். கோயில் பாட்டாகத்தான் இருக்கும், அவள் பாடகர் குழுவில் இருந்தாள். போட்டுப் பார்க்க அறையில் எங்கே கம்ப்யூட்டர்? ஆபீசில் உண்டு. ஆனால் வெளி சிடி எதையும் ஆபீஸ் மெஷினில் போடக் கூடாது என்று சுற்றறிக்கை. அதை எழுதி ஒட்டியதே நான்தான், நானே போடலாமா? அவள் போனில் கேட்பாள். "சிடி பாத்தீங்களா?" பார்த்தேன் என்பேன். "புடிச்சிருந்துச்சா?" நல்லா இருந்துச்சு. "எது?" எல்லாமே. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் அப்படி.

வீணாக்கவில்லை சார், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அறை ஜன்னலில் ஏசி மெஷின்மேல் புறாத் தொல்லை தாங்காது. கூடு கட்டி, எச்சம் போட்டு, நாற்றம். நான் சிடிகளை நூலில் கோர்த்து ஜன்னலில் தொங்கவிட்டேன். காற்றில் சுற்றும், வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். புறா கிட்ட வராது. ஒவ்வொன்று வர வர, ஒவ்வொன்றாகக் கட்டினேன். அதைப் பார்த்து, நாங்கள் தங்கியிருந்த கேம்ப் முழுக்க மாட்டினார்கள். இந்த யோசனை அமல்ராஜ் அண்ணனுடையது என்பார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு சிடி நின்றுபோயிற்று, அதற்குள் ஜன்னல் நிறைந்திருந்தது.

எங்கே விட்டேன்? அடாப்டர்.

மெர்லின் மெட்ராசிலிருந்தே ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவைத்தாள். கூரியர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மனைவிதான் வாங்கினாள். நான் வந்து பார்க்கும்போது டேப் இரட்டையாக ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. உள்ளே ஒரு சின்ன வஸ்து, ஒரு பக்கம் லேப்டாப்பில் சொருகுகிற வாய், மறுபக்கம் இந்த ஊசிகளுக்குப் பொருந்துகிற அகல வாய். அதோடு சும்மா இருக்க வேண்டியதுதானே? தனியாக ஒரு கறுப்பு டப்பா. சுவரில் சொருகுவது. அதிலிருந்து இன்னொரு ஒயர் இந்த டிஸ்க்குக்கு வருகிறது. நாலு முனைப் பல்லோடு.

ஒரு சாமானுக்கு இரண்டு ஒயர் எதற்கு? பென் டிரைவுக்கு உண்டா? போனுக்கு உண்டா? நான் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அடாப்டரை மட்டும் மெர்லினுடைய பழைய லேப்டாப்பில் சொருகினேன். டிங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் சொருகினேன். மறுபடியும் டிங். டிஸ்க்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. உள்ளே ஒரு அசைவு இல்லை.

அப்போது பின்னால் நின்றுகொண்டு அவள் சொல்கிறாள்: "அந்தக் கறுப்பு டப்பாவையும் சொருகணும்ங்க. பழைய பெரிய டிஸ்க்குக்குத் தனியா கரண்ட் குடுத்தாத்தான் சுத்துமாம். மெர்லின் சொன்னா."

இத்தனை நாள் விடுங்க என்றவள். எந்திரிக்காது என்றவள். இப்போது கரண்ட் கொடு என்கிறாள்.

உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். எனக்குத் தோன்றாது, காரணம் இருக்கிறது. மஸ்கட்டில் எங்கள் யார்டில் செம்புக் கேபிள் குறைந்துகொண்டே வந்தது. கேமரா இருக்கிறது, பதிவாகிற பெட்டி இருக்கிறது, நாளைக்கு மேனேஜர் வந்து போட்டுப் பார்க்கப் போகிறார். இன்றைக்குச் சாயங்காலம் ஒரு ஃபோர்மேன் அந்தப் பெட்டியின் அடாப்டரை எடுத்துவிட்டு, அதே மாதிரி இருக்கிற வேறொன்றை, கரண்ட் அதிகமாகப் பாய்கிறதை, மாட்டிவிட்டான். புகைந்துபோயிற்று. அத்தனை பதிவும் போயிற்று. தெரியாமல் மாட்டிவிட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் மாட்டியதும் இதே போல ஒரு கறுப்பு டப்பாதான். அதனால் கரண்ட் கொடுத்து ஒன்றை எழுப்பவும் முடியும், எரிக்கவும் முடியும் என்று எனக்குத் தெரியும். கறுப்பு டப்பாவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி இடுப்பில். டப்பா இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது.

அந்த ஞாயிறு பாஸ்கல் சாப்பிட வந்தான். பிரியாணி. நான் என் முறைப்படி டிஸ்க்கைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல், பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பேசாமல் உட்கார்ந்தேன். பாஸ்கல் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன மச்சான், இதுக்கும் ஒரு எலை போடணுமா?" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. முறை தவறிவிட்டேன். கேட்டுவிட்டேன்.

"எதை அழிச்சீங்க ரெண்டு பேரும்?"

பாஸ்கல் சாப்பிட்ட கையோடு எழுந்து போய்க் கழுவினான். இலையில் கறி அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது, "அக்கா, நான் இனிமே வரல" என்று மட்டும் சொன்னான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "அவ்வளவு காலம் ஒத்தையில கெடந்தேன். தெருவுல ஒரு வாய் என்னய இப்படிக் கேக்கல" என்றாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல பாத்துக்கலாம்" என்றாள். மகள் போனில் என்னோடு பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள், அதற்குமேல் பிடி கொடுப்பதில்லை.

மனசு கேட்கவில்லை. ஓலை வாசித்த மறுநாள் இதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். எங்கள் ஆட்களுக்குத் தெரியாத கடையாகப் பார்த்துத்தான் போனேன். பார்த்து மட்டும் சொல்லுங்கள், எதையும் மாட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கடைக்காரர் தன்னுடைய சொந்த அடாப்டரை எடுத்தார், அதிலும் ஒரு கறுப்பு டப்பா, இரண்டையும் சொருகிவிட்டார். நான் கையைப் பிடிப்பதற்குள் ஆகிவிட்டது.

சுற்றிற்று சார். முதலில் ஒரு முனகல். அப்புறம் தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். திரையில் வரிசையாக மஞ்சள் உறைகள் வந்தன.

ஒவ்வொரு உறைக்கும் கீழே பேர். என்ன பேர் தெரியுமா? மஸ்கட் ஒன்று. மஸ்கட் இரண்டு. மஸ்கட் மூன்று. இப்படியே திரை முழுக்க, கீழேயும் போகிறது.

கடைக்காரர் முதல் உறையைத் திறக்கப் போனார். நான் ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். இப்படிப் பிடுங்கினால் உள்ளே இருப்பது போய்விடும் என்று கத்தினார். போனால் போகட்டும், என் வீட்டு விஷயத்தை நீ பார்க்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அவள் மஸ்கட்டுக்கு வந்ததே இல்லை. கூட்டிக்கொண்டு போகிற வசதி கம்பெனியில் கிடையாது. மஸ்கட்டில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யார்? நான் ஒருத்தன். என்னைப் பற்றி இத்தனை உறை போட்டு வைக்க என்ன இருக்கிறது? என்னை விட்டால் ரிச்சர்டு.

ரிச்சர்டு. யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ஊறுகாய் பாட்டிலை ஏதோ திவ்ய நற்கருணை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வருவான். சிடியைத் தன் சட்டைத் துணியில் சுற்றி, கீறல் விழாமல் கொண்டுவந்து கொடுப்பான். அவன் வீட்டுச் சாமானுக்குக்கூட அந்தக் கவனம் கிடையாது. "அக்கா ரொம்பச் சொல்லி அனுப்புச்சுண்ணே, அண்ணனை மொதல்ல இதப் பாக்கச் சொல்லு, அப்புறம் அதிரசத்தத் தொறக்கச் சொல்லுன்னுச்சு" என்பான். அவனிடம் அப்படி என்ன சொல்லி அனுப்புவது? நான் ஜன்னலில் கட்டுவதைப் பார்த்து ஒரு மாதிரி நின்றான் ஒரு தடவை. "என்னண்ணே இது" என்றான். புறாவுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவன் என் அறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டான். குற்றமுள்ளவன் அப்படித்தானே செய்வான்?

அதனால்தான் இந்தப் பயணம். அவள் முன்னால் வைப்பேன். மஸ்கட் என்று மட்டும் சொல்வேன். அவளே சொல்லட்டும்.

என்ன கேட்டீர்கள்?

சிடியிலா? சிடிமேல் என்ன எழுதியிருந்தது என்றா?

என்னவோ எழுதியிருந்தது. நீல மார்க்கரில். அவள் கையெழுத்துத்தான், பெரிது பெரிதாக எழுதுவாள். எந்தப் பார்சல் யாருக்குப் போகிறது என்று தெரிய வேண்டாமா, அதற்காக ஊர்ப் பேரைப் போட்டிருப்பாள். மஸ்கட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு

இருங்கள்.

நீங்கள் எதற்கு இதைக் கேட்கிறீர்கள்? இவ்வளவு நேரம் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தீர்கள். பாஸ்கலைப் பற்றிச் சொன்னேன், ரிச்சர்டைப் பற்றிச் சொன்னேன், கேபிள் திருட்டுகூடச் சொன்னேன். அதையெல்லாம் விட்டுவிட்டுச் சிடிமேல் என்ன எழுதியிருந்தது என்று கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றிற்று? பாஸ்கலை உங்களுக்குத் தெரியுமா? மெர்லின் ஏதாவது சொல்லி அனுப்பினாளா? நான் ஏறும்போதே நீங்கள் இந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தீர்கள். மதுரையில் ஏறியதாகச் சொன்னீர்கள். டிக்கெட்டைப் பார்க்கலாமா?

வேண்டாம், எடுக்காதீர்கள். வேண்டாம் சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜன்னலை மூட வேண்டாம். கொஞ்சம் காற்று வரட்டும்.

ஏழு. ஏழு என்று ஒன்று இருந்தது. என் கட்டிலுக்கு நேரே தொங்கியது அதுதான். வெள்ளிக்கிழமை லீவு, மத்தியானம் படுத்திருப்பேன். வெயில் அதில் பட்டு, எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சம் ஓடும். சின்னப் பிள்ளை ஓடுகிற மாதிரி, நேராகப் போகாமல், தத்தித் தத்தி. அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுத்து வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் ஊர்ப் பேர் போயிற்று. ஏழு மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

வருஷக்கணக்காகப் பார்த்தேன் சார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அறையைக் காலி செய்தபோது அதை அவிழ்க்கவில்லை. அடுத்து வருகிறவனுக்குப் புறாத் தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்த கேம்ப்பே இல்லை. இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கடைக்காரர் சொன்னது நிஜமாக இருக்குமா? பிடுங்கினால் போய்விடும் என்றாரே. ஒரே ஒரு தடவைதான் பிடுங்கினேன். நீங்கள் இந்த மாதிரி பழைய டிஸ்க் எதையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடவை பிடுங்கியதற்கு எல்லாம் போகாதுதானே?

தண்ணீர் தெரிகிறது. செங்கல்பட்டு ஏரிதானே? வந்துவிட்டோம் அப்படியென்றால்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கறுப்பு டப்பா மட்டும் தனியாகக் கிடைக்குமா சார், எக்மோர் பக்கத்தில்? அடாப்டர் இருக்கிறது, பைக்குள்ளேயே இருக்கிறது. டப்பாதான் ஊரில், பீரோவில். கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? சரியான கரண்ட் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், வேறு மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடக் கூடாது. அந்த டப்பாவை வாங்க நானே கடைக்குப் போகிறேன் என்று சொன்னால் அவள் நம்புவாளா என்று தெரியவில்லை. முதலில் ஒரு போன் போடுகிறேன். என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. போன் எடுத்தாலே பெரிய விஷயம்.

இங்கே சிக்னல் எடுக்கவில்லை. கதவுப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். இதைக் கொஞ்சம் பிடியுங்கள்.

மேலே வேண்டாம் சார். மடியிலேயே. இப்படி, அடியில் ஒரு கை கொடுத்து.